கம்பெனிக் கணக்கில் ஊழியர் எங்கே இருக்கிறார்?

சிங்கப்பூரின் ஜூரோங்கில் ஒரு கிடங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 60,000 வெள்ளி கொடுத்து ஒரு ஃபோர்க்லிஃப்ட் வாங்குகிறது. அதை ஓட்ட, மாதம் 2,500 வெள்ளி சம்பளத்தில் ஓர் ஓட்டுநரையும் சேர்க்கிறது. ஆண்டுக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது இந்த இரண்டும் எந்தப் பக்கத்தில் ஏறுகின்றன என்று பாருங்கள். வண்டி சொத்துப் பக்கத்தில் இருக்கும். அது பத்து ஆண்டு உழைக்கும் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 6,000 வெள்ளி மட்டும் தேய்மானமாகக் கழியும்; மீதி சொத்தாகவே நிற்கும். ஓட்டுநர் அந்தப் பக்கத்தில் கிடையாது. அவருடைய ஆண்டுச் சம்பளம் 30,000 வெள்ளியும், ஊழியரின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு முதலாளி கட்டும் பங்கும் அந்தந்த ஆண்டே முழுக்கச் செலவாக எழுதப்படும்.

அதே நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் ‘ஊழியர்களே எங்கள் மிகப் பெரிய சொத்து’ என்ற வரி இருக்கக்கூடும். அதை எழுதியவர் மனதார நம்பித்தான் எழுதியிருப்பார். ஆனால் கிடங்கு மேலாளர் ஒவ்வொரு மாதமும் பார்ப்பது கணக்கை. முடிவுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ஒரு நிறுவனம் உங்களை எப்படிப் பார்க்கிறது என்பது அதன் கணக்கிலும், ஒப்பந்தத்திலும், பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்திலும், ஆட்குறைப்பு செய்யும் விதத்திலும் தெரிந்துவிடும். அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கஷ்டமான விஷயம் இல்லை. யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

வண்டி சொத்து, ஓட்டுநர் ஏன் இல்லை?

உலகின் பல நாடுகள் சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றுகின்றன. சிங்கப்பூரின் தரநிலைகளும் அவற்றை ஒட்டியவையே. அதில் 38-ஆம் எண் தரநிலை, கண்ணால் பார்க்க முடியாத சொத்துகளைப் பற்றியது. ஒன்றைச் சொத்து என்று எழுத வேண்டுமானால் அதிலிருந்து வரும் பலன் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கிறது அது. திறமையான ஊழியர்கள் மீதோ, அவர்கள் பயிற்சியில் கற்றதன் மீதோ நிறுவனத்துக்குப் பொதுவாக அந்தக் கட்டுப்பாடு இல்லை. நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஓட்டுநர் அடுத்த மாதமே எதிர்க் கிடங்கில் போய்ச் சேரலாம்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கு நல்லதுதான். மனிதர்களைச் சொத்தாக விலை போட்டு எழுதிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் தோட்ட முதலாளிகளின் கணக்கேடுகளில் அடிமைகளின் பெயரும் விலையும், கால்நடை, கருவிகளின் கணக்கோடு சேர்ந்து இருந்தன. இன்றைய ஊழியர் சொத்துப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அவர் யாருக்கும் சொந்தம் இல்லை என்பதே. ஆகவே ‘என்னைச் செலவு என்று எழுதிவிட்டார்களே’ என்று வருத்தப்பட வேண்டாம். அப்படி எழுதுவதால் என்னென்ன நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அது கால்பந்து. பிரிமியர் லீக் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கிளப் 10 கோடி பவுண்டு கொடுத்து ஓர் ஆட்டக்காரரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், அவருடைய பதிவு உரிமை சொத்தாகக் கணக்கில் ஏறும். ஆண்டுக்கு 2 கோடி வீதம் கழியும். ஒப்பந்தம் முடியும்வரை அவர் இஷ்டத்துக்கு வேறு கிளப்புக்குப் போக முடியாது என்பதால் இது முடிகிறது. ஆனால் அதே கிளப் சிறு வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கிய பையனுக்குக் கணக்கில் அப்படி ஒரு மதிப்பு இல்லை. வெளியிலிருந்து வாங்கினால் சொத்து; வீட்டிலேயே வளர்த்தால் பூஜ்யம். பல அலுவலகங்களிலும் இதே மனநிலையைப் பார்க்கலாம். பத்து ஆண்டாக உள்ளே இருப்பவரைவிட வெளியிலிருந்து வருபவருக்கு அதே வேலைக்குக் கூடுதல் சம்பளம் கொடுப்பார்கள்.

சரி, செலவு என்று எழுதுவதால் என்ன ஆகிறது? ஓட்டுநரை 3,000 வெள்ளி செலவில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினால், அந்தத் திறமை எத்தனை ஆண்டு பயன்பட்டாலும், மொத்தத் தொகையும் இந்த ஆண்டு லாபத்தில் கழிகிறது. வியாபாரம் மந்தமாகும்போது மேலாளரின் கை முதலில் பயிற்சிப் பணத்தின் மேல் விழுவது இதனால்தான். ஆளைக் குறைத்தாலும் அப்படித்தான். இழப்பீட்டைக் கொடுத்து முடித்ததும் சம்பளச் செலவு இறங்கிவிடும், லாபம் ஏறியது போலத் தெரியும். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த பம்ப் எந்தச் சத்தம் போட்டால் எந்த வால்வைத் திறந்து பார்க்க வேண்டும் என்று முப்பது ஆண்டாக அறிந்த ஒருவரை அனுப்பிவிடுகிறார்கள். அவர் தலைக்குள் இருந்தது அவரோடு போய்விடுகிறது. அந்த நஷ்டத்தை எழுத எந்த ஏட்டிலும் வரி இல்லை. அடுத்த முறை பழுது பார்க்க மூன்று மடங்கு நேரம் ஆகும்போது அது ‘பராமரிப்புச் செலவு’ என்ற பெயரில் எட்டிப் பார்க்கும். யாரும் அதை அந்த ஆட்குறைப்போடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

நூறாண்டுக்கு மேல் நடக்கும் வாதம்

ஊழியரை எப்படிப் பார்ப்பது என்று எழுத்தில் வாதம் தொடங்கியது ஃபிரெடெரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளரிடமிருந்து என்று வைத்துக்கொள்ளலாம். 1899-இல் அமெரிக்காவின் பெத்லஹேம் இரும்பாலையில், ஒவ்வொன்றும் 92 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 42 கிலோ எடையுள்ள இரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில் ஏற்றும் வேலையை அவர் ஆராய்ந்தார். எப்போது தூக்குவது, எப்போது ஓய்வெடுப்பது என்று எல்லாவற்றையும் மேலாளர் சொல்வார். ஊழியர் அப்படியே செய்ய வேண்டும். டெய்லர் எழுதியபடி, ஒருவர் நாளுக்கு ஏற்றியது பன்னிரண்டரை டன்னிலிருந்து நாற்பத்தேழரை டன் ஆனது. கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. அவர் கொடுத்த விவரங்களைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் சந்தேகித்திருக்கிறார்கள். ஆனால் அவர் பெருமையோடு சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி சுமார் அறுபது விழுக்காடு மட்டும் கூடுதல். உற்பத்தி பெருகும்போது அதன் பலன் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அன்றே வந்துவிட்டது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு வரும்போது தேவைப்படும்.

அப்புறம் ஹென்றி ஃபோர்டு. 1913-இல் அவருடைய கார் ஆலையில் சுமார் 14,000 பேர் வேலை செய்தார்கள். அந்த எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க அந்த ஒரே ஆண்டில் 52,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்கும் வேலை பிடிக்காமல் வந்த வேகத்தில் போனார்கள். 1914 ஜனவரியில் ஃபோர்டு நாள் கூலியை இரு மடங்குக்கு மேல் உயர்த்தி 5 டாலராக்கி, வேலை நேரத்தையும் 8 மணி நேரமாகக் குறைத்தார். ஆட்கள் நின்றார்கள். ஆளை மாற்றிக்கொண்டே இருப்பதும் ஒரு செலவு, அது சம்பள உயர்வைவிடப் பெரிதாக இருக்கலாம் என்று உலகுக்குக் காட்டிய நிகழ்வு அது. ஆனால் அந்த 5 டாலர் வாங்க, ஊழியர் குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். நல்ல சம்பளம் கொடுக்கும் நிறுவனம் நல்ல மரியாதையும் கொடுக்கும் என்பது நிச்சயம் இல்லை.

சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகள், வெளிச்சத்தையும் ஓய்வு நேரத்தையும் மாற்றிப் பார்க்கத் தொடங்கி, உடன் வேலை செய்வோரின் உறவும் மேலாளர் காட்டும் அக்கறையும் முக்கியம் என்ற முடிவுக்கு வந்தன. அந்த முடிவு சரிதானா என்று இன்றும் சர்ச்சை உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவர் மேலாண்மைப் பேராசிரியர் டக்ளஸ் மெக்ரெகர். 1960-இல் அவர் சொன்னது எளிது. மனிதர்கள் சோம்பேறிகள், விரட்டினால்தான் வேலை நடக்கும் என்று நம்பும் மேலாளர் ஒரு வகை. அதை ‘எக்ஸ்’ என்றார். பொருத்தமான சூழல் இருந்தால் மனிதர்கள் தாங்களே பொறுப்பெடுத்துச் செய்வார்கள் என்று நம்பும் மேலாளர் இன்னொரு வகை, அது ‘ஒய்’. இதில் கவனிக்க வேண்டியது, எந்த நம்பிக்கையும் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும் என்பது. கழிப்பறைக்குப் போகும் நிமிடத்தைக்கூட எண்ணும் இடத்தில் ஆட்கள் மணி அடித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் போவார்கள். ‘பார், நான் சொன்னேன் இல்லையா’ என்பார் மேலாளர்.

அதே காலத்தில் பொருளியல் பக்கத்திலிருந்து ‘மனித மூலதனம்’ என்ற கருத்து வந்தது. தியோடர் ஷுல்ட்ஸ் 1960-இல் அதை முன்வைத்தார். கேரி பெக்கர் 1964-இல் விரிவாக எழுதினார். இருவரும் பின்னாளில் நோபெல் பரிசு பெற்றவர்கள். படிப்பும் பயிற்சியும் செலவு அல்ல, முதலீடு. எந்திரத்தில் போட்ட பணம் போல அதுவும் பலன் தரும் என்றார்கள். பெக்கர் ஒரு படி மேலே போய்ப் பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத் திறன் ஒன்று; அந்த நிறுவனத்தில் மட்டும் பயன்படும் தனித் திறன் இன்னொன்று. பொதுத் திறனுக்கு நிறுவனம் பணம் போடத் தயங்கும், ஏனென்றால் கற்றவர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் கம்பெனி தன் சொந்த மென்பொருளைக் கற்றுத் தர இரண்டு வாரம் ஒதுக்குவதும், வெளியே மதிப்புள்ள ஒரு சான்றிதழுக்குப் பணம் கேட்டால் ‘இத்தனை ஆண்டு இங்கேயே இருப்பேன் என்று பாண்ட் எழுதிக் கொடு’ என்பதும் இதனால்தான்.

சிங்கப்பூர் இதில் என்ன செய்தது?

இயற்கை வளம் எதுவும் இல்லாத ஊர். மனிதர்கள்தான் ஒரே வளம் என்று தலைவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த நாடு. பெக்கர் காட்டிய இடைவெளியை நிறுவனங்கள் தாமாக நிரப்பாது என்பது இங்கே சீக்கிரமே புரிந்துவிட்டது. 1972-இல் அமைந்த தேசிய சம்பள மன்றம் 1979 முதல் மூன்று ஆண்டுகளுக்கு வேண்டுமென்றே பெரிய சம்பள உயர்வுகளைப் பரிந்துரைத்தது. மலிவான ஆட்களை வைத்து ஓட்டும் பழக்கத்தை நிறுவனங்கள் விட வேண்டும் என்பது நோக்கம். அதே 1979-இல் திறன் மேம்பாட்டு நிதியும் வந்தது. இன்றும் முதலாளி ஒவ்வொருவரும் ஊழியரின் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காட்டை, குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25 வெள்ளி, இந்த நிதிக்குத் தீர்வையாகக் கட்ட வேண்டும். இது உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பணம் அல்ல; முதலாளி தன் கையிலிருந்து கொடுப்பது. தனி நிறுவனம் போடத் தயங்கும் பணத்தை எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பொதுவில் பயிற்சிக்குச் செலவிடும் ஏற்பாடு. 2016-இல் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிக்கென்று கிடைத்த 500 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையும், 2024 மே மாதம் 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு வந்த 4,000 வெள்ளியும் அதே சிந்தனையின் நீட்சி. இந்தப் பணம் கம்பெனி பெயரில் இல்லாமல் உங்கள் பெயரில் இருப்பது பெரிய விஷயம். பலர் அதைத் தொடாமலே வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

துப்புரவுத் துறையில் கதை வேறு. கட்டடங்கள் துப்புரவு வேலையைக் குத்தகைக்கு விடும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை குத்தகை மாறும். யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே வேலை. ஒவ்வொரு முறையும் ஊழியரின் சம்பளம் மறுபடி கீழிருந்து தொடங்கும். இருபது ஆண்டு அனுபவத்துக்கு அங்கே விலையே இல்லை. 2014-இல் படிப்படியாக உயரும் சம்பள முறையைத் துப்புரவு நிறுவனங்களின் உரிமத்துக்கு நிபந்தனையாக்கியபோது முழுநேரத் துப்புரவாளருக்கான அடிமட்டச் சம்பளம் 1,000 வெள்ளி. ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து 2028-இல் அது 2,420 வெள்ளி ஆக வேண்டும். பயிற்சி பெற்று மேல்படிக்குப் போனால் இன்னும் கூடுதல். குத்தகைக்காரர்கள் சம்பளத்தை வெட்டி விலையைக் குறைக்க முடியாதபடி தரை போட்டாயிற்று. ஆனால் இது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது.

வேலை அனுமதிச் சீட்டில் வரும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு வேறு கணக்கு. கட்டுமானத் துறையில் 2024 ஜனவரி முதல், இந்தியாவிலிருந்து வந்த அடிப்படைத் திறன் ஊழியர் ஒருவருக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை மாதம் 900 வெள்ளி. அவரே உயர்திறன் ஊழியர், தளத்தில் எல்லோரும் சொல்வது போல ‘ஆர் ஒன்’, ஆகிவிட்டால் 500 வெள்ளி. திறமையை வளர்க்கச் சொல்லி முதலாளிக்குக் கொடுக்கும் ஊக்கம் இது. நல்ல யோசனைதான். லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, நான் ஆர் ஒன் ஆயிட்டேன். கம்பெனிக்கு மாசம் நானூறு வெள்ளி மிச்சமாம். எனக்கு எவ்வளவு கூடும்?” விதியில் அதற்குத் தனிப் பதில் இல்லை. அந்த நானூறில் எவ்வளவு அவர் கைக்கு வரும் என்பது முதலாளி எடுக்கும் முடிவு. டெய்லரின் இரும்புக் கட்டிக் கணக்கு இங்கேயும் அப்படியே நிற்கிறது. என்னைக் கேட்டால், ஒரு கட்டுமான நிறுவனம் தன் ஆட்களை எப்படி மதிக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த நானூறு வெள்ளி எங்கே போகிறது என்று பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது.

இன்னொரு அளவும் உண்டு. 2020-இல் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோது, அந்த அறைகளில் ஆட்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்பதை நாடே பார்த்தது. புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. முன்பு அடிப்படைத் திறன் ஊழியர் 14 ஆண்டும், உயர்திறன் ஊழியர் 26 ஆண்டும்தான் இங்கே வேலை செய்யலாம் என்ற வரம்பு இருந்தது. 2025 ஜூலையில் அது எடுக்கப்பட்டது. அனுபவத்துக்கு மதிப்பு உண்டு என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

மனித மூலதனம் என்ற பார்வை ‘செலவு’ என்ற பார்வையைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. முதலீடு என்றால் திரும்ப வர வேண்டும். 61 வயதானவருக்குப் பயிற்சி கொடுத்தால் எத்தனை ஆண்டு பலன்? பிரசவ விடுப்பில் போகப் போகும் பெண்ணுக்குப் பதவி உயர்வு எதற்கு? பார்வையை மாற்றாமல் கணக்கை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்குக் கெட்ட பதில்தான் வரும். அந்த இடத்தில் சட்டம் குறுக்கே வர வேண்டியிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64; ஓய்வு வயதுக்குப் பிறகும் தகுதியுள்ளவருக்கு முதலாளி வேலை கொடுக்க முன்வர வேண்டிய மறுவேலை நியமன வயது 69. வயது, கர்ப்பம், இனம், சமயம், உடற்குறை, மனநலம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டக்கூடாது என்ற வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. லாபக் கணக்குக்கு வெளியிலும் மனிதருக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தச் சட்டங்கள் அதன் ஒரு பகுதியையாவது எழுத்தில் கொண்டு வந்திருக்கின்றன.

எதைப் படித்துப் பார்ப்பது?

முதலில் உங்களிடமே இருக்கும் காகிதங்கள். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும், சம்பளச் சீட்டில் ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் சட்டம். நிபந்தனைத் தாளில் ஆட்குறைப்பு இழப்பீடு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டு வேலை செய்தவர்களுக்கு, சேவையாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் கொடுப்பது இங்கே உள்ள வழக்கம். ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அதைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நல்ல காலத்திலேயே அதை எழுத்தில் கொடுக்கும் நிறுவனம் கெட்ட காலத்தைப் பற்றியும் யோசித்திருக்கிறது என்று அர்த்தம்.

நிறுவனம் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதென்றால் அதன் நீடித்த நிலைத்தன்மை அறிக்கையை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஆண்டுக்கு எத்தனை பேர் வேலையை விட்டார்கள், ஓர் ஊழியருக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் பயிற்சி கிடைத்தது, வேலையிடத்தில் எத்தனை பேர் காயப்பட்டார்கள் என்ற எண்கள் பெரும்பாலும் அதில் இருக்கும். ஓர் ஆண்டை மட்டும் பார்க்காதீர்கள். மூன்று நான்கு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வியாபாரம் சரிந்த ஆண்டில் பயிற்சி நேரம் என்ன ஆனது என்பதே விஷயம்.

சிறிய நிறுவனம், அறிக்கை எதுவும் கிடையாது என்றால் நேர்காணலில் கேட்டுவிடுங்கள். எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? ‘பதவி உயர்ந்து மேல்மாடியில் இருக்கிறார், வேண்டுமானால் பேசிப் பாருங்கள்’ என்றால் ஒரு பதில். ‘அவர் சரிப்பட்டு வரவில்லை’ என்றால் அதற்கு முன் இருந்தவரைப் பற்றியும் கேளுங்கள். மூன்று பேரும் சரிப்பட்டு வரவில்லை என்றால், நான்காவதாகப் போவதற்கு முன் அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் தனியாகப் பேசிவிடுவது நல்லது.